பறக்காத கிளியும் பச்சை இல்லாப் பூவும்



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். கிளியைக் கிளியோடு ஒப்பிடலாம், பூவைப் பூவோடு ஒப்பிடலாம். கிளியைப் பூவோடு ஒப்பிட என்ன முகாந்திரம்? நியாயமான கேள்விதான். அந்த முகாந்திரம் நியூசிலாந்தின் தென் தீவில், ஒரு குகைத் தரையில், நெடுங்காலமாகக் காய்ந்து கிடந்த பறவை எச்சத்துக்குள் இருந்தது. 2012இல் அந்தச் செய்தி வெளிவந்தது. குகைக்குள் போவதற்கு முன்னால் இரு தரப்பாரையும் உங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

கிளியின் பெயர் காக்காப்போ. பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அந்தத் தீவுகளின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் காக்கா என்றால் கிளி, போ என்றால் இரவு. செடியின் அறிவியல் பெயர் டாக்டிலாந்தஸ் டெய்லரி. இரண்டுமே உலகில் நியூசிலாந்தைத் தவிர வேறெங்கும் இல்லை. இரண்டும் தத்தம் பேரினத்தில் தனி ஆள். உடன்பிறப்பு என்று சொல்லிக்கொள்ள இன்னொரு சிற்றினம் கிடையாது.

அறிவியல் உலகின் கண்ணில் இரண்டும் ஒரே ஆண்டில் பட்டன. 1845இல் லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ராபர்ட் கிரே இந்தக் கிளிக்கு லத்தீன் பெயர் சூட்டினார். அதே 1845இல், ரிச்சர்ட் டெய்லர் என்ற பாதிரியார் நியூசிலாந்தின் வட தீவில், ரயெடிஹி என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில் இந்தச் செடியைக் கண்டெடுத்தார். அது தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரிடம் போய்ச் சேர்ந்து, 1859இல் டெய்லரின் பெயரோடு நூலேறியது. ஹூக்கர் நமக்கும் வேண்டப்பட்டவர்தான். பிற்காலத்தில் இந்தியத் தாவரங்களை ஏழு தொகுதிகளாகத் தொகுத்தவர் அவர்.

முதலில் கிளி

நம் ஊர்க் கிளியை மனத்தில் வைத்துக்கொண்டு காக்காப்போவைப் பார்க்க முடியாது. உலகக் கிளிகளிலேயே மிகக் கனமானது இது. ஆண் நான்கு கிலோ வரை எடை போடும். பாசி படிந்த கல்லின் நிறம். பச்சையில் மஞ்சளும் கறுப்பும் புள்ளி புள்ளியாகக் கலந்திருக்கும். ஆந்தையைப் போல வட்ட முகம், அலகைச் சுற்றி மீசை மாதிரி மெல்லிய இறகுகள். இறக்கை உண்டு, பறக்க முடியாது. உலகில் பறக்காத கிளி இது ஒன்றுதான். அலகாலும் நகத்தாலும் பற்றிப் பெரிய மரங்களில் ஏறிவிடும். இறங்கும்போது இறக்கையை விரித்துத் தொப்பென்று குதிக்கும். பகலில் தூக்கம், இரவில் நடை.

சாப்பிடும் விதமும் தனி. இலையைச் செடியிலிருந்து பறிக்காமலே வாய்க்குள் விட்டு மென்று, சாற்றை உறிஞ்சிக்கொண்டு, நாரை மட்டும் செடியிலேயே தொங்க விட்டுப் போய்விடும். வெளுத்த நார் உருண்டைகள் ஒரு செடியில் தொங்கினால், இரவு காக்காப்போ வந்து போயிருக்கிறது என்று காட்டு ஊழியர்கள் கண்டுகொள்வார்கள்.

இதன் காதல் விவகாரம் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தக்கது. இனப்பெருக்கப் பருவம் வந்ததும் ஆண் கிளி மலை முகட்டுக்கு ஏறும். அங்கே மண்ணைப் பறித்துக் கிண்ணம் போன்ற ஆழமில்லாத குழி ஒன்று அமைக்கும். ஒரே ஆண் பல குழிகள் வைத்திருக்கும். அவற்றை இணைக்கும் ஒற்றையடிப் பாதைகளையும் தானே போட்டுக்கொள்ளும். பாதையில் ஒரு சுள்ளி விழுந்து கிடந்தால் அலகால் எடுத்து அப்பால் போடும். பின்னால் பாறையோ மரமோ இருக்கும்படி குழியின் இடத்தைத் தேர்ந்தெடுக்கும். ஒலி அதில் மோதி வெளியே போகும். இருட்டியதும் குழிக்குள் உட்கார்ந்து, மார்பின் காற்றுப் பையைப் பந்துபோல் உப்பிக்கொண்டு 'பூம்... பூம்' என்று முழங்கத் தொடங்கும். அடித்தொண்டை ஒலி, காற்று சாதகமாக இருந்தால் ஐந்து கிலோமீட்டர் வரை கேட்கும். இருபது முப்பது முழக்கத்துக்கு ஒருமுறை, உலோகத்தைத் தட்டினாற்போல் ஓர் உச்சக் குரல். பெண் கிளி எந்தத் திசையில் வர வேண்டும் என்பதற்கு அந்தக் குரல்தான் வழிகாட்டி. இப்படி இரவுக்கு எட்டு மணி நேரம், இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து நடக்கும். பருவம் முடிவதற்குள் ஆணின் எடையில் பெரும் பங்கு கரைந்துவிடும்.

பெண் வரும், துணையைத் தேர்ந்தெடுக்கும், கூடும், போய்விடும். முட்டை, அடைகாப்பு, குஞ்சு வளர்ப்பு எல்லாம் தாயின் தனிப் பொறுப்பு. இது ஆண்டுதோறும் நடப்பதும் இல்லை. ரிமு என்ற ஊசியிலை மரம் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை காடு முழுக்கக் காய்த்துத் தள்ளும். அந்த ஆண்டில்தான் காக்காப்போ முட்டையிடும். மரம் ஏமாற்றினால் அந்த ஆண்டு கல்யாணமே இல்லை.

எப்படிச் சரிந்தது? நியூசிலாந்து கோண்ட்வானா என்ற பழங்காலப் பெருநிலத்திலிருந்து ஏறக்குறைய எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து தனியே மிதந்த நாடு. அங்கே நிலத்தில் வாழும் பூர்விகப் பாலூட்டி என்றால் வௌவால்கள் மட்டும்தான். வேட்டையாடிகள் எல்லாம் பறவைகள். வானத்திலிருந்து கண்ணால் பார்த்து இரை தேடுபவை. அவற்றிடமிருந்து தப்ப, பாசி நிறத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும். காக்காப்போ அதைத்தான் கற்றுக்கொண்டது. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் மாவோரிகள் வந்தபோது நாயும் எலியும் கூடவே வந்தன. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் பூனை, புதுவகை எலிகள், பிறகு முயல் தொல்லையை அடக்குவதற்கென்று, கீரியின் உடல்வாகு கொண்ட ஸ்டோட் என்ற விலங்கு ஆகியவற்றைக் கொண்டுவந்து விட்டார்கள். இவை கண்ணைவிட மூக்கை நம்பி வேட்டையாடுபவை. காக்காப்போவின் உடலிலோ தேன் கலந்த பூஞ்சை வாடை வீசும். மனித மூக்குக்கே எட்டும். அசையாமல் உட்கார்ந்திருக்கும், மணக்கும், பறக்காத நான்கு கிலோ இறைச்சி. முடிவு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரிச்சர்ட் ஹென்றி என்ற மனிதர் இதை முன்கூட்டியே உணர்ந்தார். 1894இல் ரெசொல்யூஷன் தீவின் காவலராகப் பொறுப்பேற்று, தென் தீவின் தென்மேற்கு மூலையான ஃபியர்ட்லாந்திலிருந்து காக்காப்போக்களையும் கிவிப் பறவைகளையும் நூற்றுக்கணக்கில் படகில் ஏற்றி அந்தத் தீவில் விட்டார். 1900இல் ஸ்டோட் ஒன்று நீந்தியே தீவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அவருடைய உழைப்பு அத்தனையும் வீண்போயிற்று.

1970களில் டான் மெர்ட்டன் என்ற காட்டுயிர்ப் பாதுகாப்பாளர் தலைமையில் ஃபியர்ட்லாந்தின் பள்ளத்தாக்குகளில் தேடியபோது கிடைத்தவை எல்லாம் ஆண் கிளிகள். இனம் முடிந்தது என்றே நினைத்தார்கள். 1977இல் தென் தீவுக்குத் தெற்கே உள்ள ஸ்டூவர்ட் தீவில் இன்னொரு கூட்டம் தென்பட்டது. 1980இல் அங்கே பெண் கிளிகளும் உண்டு என்று உறுதியாயிற்று. அவற்றைப் பூனைகள் கொன்றுகொண்டிருந்ததால், பிடித்து, வேட்டை விலங்கு இல்லாத சிறு தீவுகளுக்கு மாற்றினார்கள். 1995இல் எஞ்சியவை 51. ஃபியர்ட்லாந்து வம்சத்தில் தப்பிய ஒரே ஆணுக்கு அந்தப் பழைய காவலரின் பெயரையே சூட்டியிருந்தார்கள். அந்த 'ரிச்சர்ட் ஹென்றி' 2010இல் இறந்தது. இன்று ஒவ்வொரு கிளிக்கும் ஒரு பெயர், முதுகில் ஓர் அலைபரப்பி, மருத்துவக் குறிப்பேடு எல்லாம் உண்டு. 2019இல் பூஞ்சைத் தொற்று பரவி ஒன்பது கிளிகள் இறந்தபோது, நோயுற்றவற்றை ஹெலிகாப்டரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். 2022இல் எண்ணிக்கை 252 ஆக உயர்ந்தது.

இப்போது பூ

கிளியைப் பற்றிப் பேச இவ்வளவு இருக்கிறது. பூவைத் தேடிக் காட்டுக்குள் போனால் காலில் மிதித்துவிட்டு மேலே நடந்துவிடுவோம்.

டாக்டிலாந்தஸுக்கு இலை இல்லை, பச்சையம் இல்லை, சொந்த வேரும் இல்லை. வெயிலில் சமைத்து உண்ணும் வேலையையே விட்டுவிட்ட முழு ஒட்டுண்ணி. மரங்களிலும் புதர்களிலும் சுமார் முப்பது இனங்களின் வேர்களைப் பற்றிக்கொண்டு மண்ணுக்குள் வாழும். செடியின் உடல் என்பது பழுப்பு நிறத்தில், மேடும் பள்ளமுமாக, மருக்கள் நிறைந்த ஒரு கிழங்கு. பாதி மண்ணுக்கு மேல் தெரிந்தாலும் கல் என்றுதான் தோன்றும்.

ஒட்டுண்ணி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். புல்லுருவி என்பதை நாம் வசையாகவே வைத்திருக்கிறோம், ஆனால் நாம் நெற்றியில் இட்டுக்கொள்ளும் சந்தனமும் பாதி ஒட்டுண்ணிதான். சந்தனக் கன்று பக்கத்துச் செடியின் வேரைத் தொட்டு உறிஞ்சாமல் தேறி வராது. புல்லுருவி, சந்தனம், டாக்டிலாந்தஸ் மூன்றும் ஒரே தாவர வரிசையில் வருபவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக் காடுகளில் மழைக்காலம் போனவர்கள் தரையில் சிவப்பாகக் காளான்போல முளைத்திருக்கும் பலனோபோராவைப் பார்த்திருக்கலாம். அதுவும் வேரில் வாழும் முழு ஒட்டுண்ணி. டாக்டிலாந்தஸை நெடுங்காலம் அதன் குடும்பத்திலேயே வைத்திருந்தார்கள்.

நியூசிலாந்தின் இலையுதிர் காலம் மார்ச்சில் தொடங்குகிறது. அப்போது கிழங்கிலிருந்து மொக்குகள் சருகை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே தலைகாட்டும். பழுப்பும் மங்கிய இளஞ்சிவப்புமான செதில்கள் விரியும். நடுவில் விரல்களைக் குவித்து வைத்தது போன்ற தண்டுகள், அவற்றில் நெருக்கமாகப் பொடிப் பூக்கள். ஆண் செடி தனி, பெண் செடி தனி. கண்ணைக் கவரும் நிறம் எதுவும் இல்லை. இருட்டில் நிறத்துக்கு என்ன வேலை? ஆனால் பூவின் மடியில் தேன் தாராளமாகத் தேங்கி நிற்கும். அந்தத் தேனில் ஸ்குவாலீன் என்ற பொருள் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். விலங்குகளின் தோல் எண்ணெயிலும் சுறா ஈரல் எண்ணெயிலும் இருக்கும் பொருள் அது. பூந்தேனில் காணப்படுவது அபூர்வம். கஸ்தூரி கலந்த இனிப்பு மணம் தரையோரமாகப் பரவும்.

அந்த மணம் யாருக்கு? 1990களில் கிறிஸ் எக்ராய்டு என்ற தாவர ஆய்வாளர் இரவில் வீடியோ கேமராவை வைத்துப் பார்த்தார். வந்தது குட்டை வால் வௌவால். உலகில் தரையில் நடந்து இரை தேடுவதில் இதற்கு இணையான வௌவால் இல்லை என்று சொல்லலாம். இறக்கையை மடித்துச் சுருட்டிக்கொண்டு, முன்னங்கைகளை ஊன்றி எலி மாதிரி சருகுக்குள் ஓடும். பூவுக்குள் முகத்தைப் புதைத்துத் தேன் குடிக்கும். முகமெல்லாம் மகரந்தத்தோடு அடுத்த பூவுக்குப் போகும். தரையில் பூக்கும் பூவுக்குத் தரையில் நடக்கும் வௌவால்: மகரந்தச் சேர்க்கையின் மர்மம் தீர்ந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

இந்தச் செடி நலிந்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, எலியும் பாஸமும். பாஸம் என்பது தோலுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பைப்பாலூட்டி. இரவில் மோப்பம் பிடித்து வந்து தேனோடு பூவையும் கடித்துத் தின்றுவிடும். விதை பிடிக்கப் பூவே மிஞ்சாது. இரண்டாவது காரணம் மனிதர்களின் வரவேற்பறை. டாக்டிலாந்தஸ் பற்றிய இடத்தில் மரத்தின் வேர் புடைத்து, மடிப்பு மடிப்பாக விரிந்து, செதுக்கிய ரோஜா போல ஆகிவிடும். செடியின் சதையை அகற்றிவிட்டு அந்த வேரை மெருகேற்றி, 'மர ரோஜா' என்று அழகுப் பொருளாக வைத்தார்கள், விற்றார்கள். ஒவ்வொரு மர ரோஜாவும் ஒரு செடியின் பிணம்.

குகையில் கிடைத்த சாட்சி

தென் தீவின் வடமேற்கில், கரமேயா என்ற ஊருக்கு உள்ளே ஹனிகோம்ப் ஹில் என்ற சுண்ணாம்புக் குகைத் தொகுதி இருக்கிறது. பழங்காலப் பறவைகளின் எலும்புகளுக்குப் பேர்போன இடம். அங்கே ஒதுக்குப்புறமான உலர்ந்த மூலைகளில் பறவைகளின் எச்சம் அழியாமல் காய்ந்து கிடந்தது. ஜேமி உட் என்ற நியூசிலாந்து ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அதை எடுத்து, முதலில் டிஎன்ஏ பார்த்தார்கள்: காக்காப்போ. பிறகு எச்சத்தைக் கரைத்து, அதில் தங்கியிருந்த மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் வைத்து எண்ணினார்கள். மகரந்தத்தின் மேலோடு எளிதில் மட்காது. வயிற்றில் செரித்தாலும் அடையாளம் போகாது. எண்ணிக்கொண்டு வந்தபோது டாக்டிலாந்தஸ் மகரந்தம் நிறையவே தென்பட்டது.

இதில் இரண்டு ஆச்சரியம். முதலாவது, இன்று தென் தீவில் டாக்டிலாந்தஸ் கிடையாது; வட தீவிலும் அதன் அருகிலுள்ள ஹவுதுரு தீவிலும்தான் இருக்கிறது. அப்படியானால் ஒரு காலத்தில் தென் தீவிலும் அது பூத்திருக்கிறது. இரண்டாவது, இந்தக் கிளி அந்தப் பூவுக்குள் வாயை வைத்திருக்கிறது.

இங்கே ஒரு நிதானம் வேண்டும். எச்சத்தில் மகரந்தம் இருந்தால், கிளி பூவை நாடியது என்று பொருள். அதே கிளி மகரந்தத்தை அடுத்த பூவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதை எச்சம் நேரடியாகச் சொல்லாது. ஆய்வாளர்களும் அளந்துதான் பேசினார்கள்: மகரந்தச் சேர்க்கை செய்திருக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள். சூழ்நிலைச் சாட்சியம் வலுவானது. இரவில் உலாவும் பறவை. தரையில் நடக்கும் பறவை. மணம் அறியும் பறவை. தானே மணக்கும் பறவை. அலகைச் சுற்றிலும் மகரந்தம் ஒட்டிக்கொள்ளத் தோதான மெல்லிய இறகுகள். தினமும் ஒரே பாதையில் நடக்கும் வழக்கம் வேறு. இரவில் தரையோரமாக மணம் வீசிக் காத்திருக்கும் பூவுக்கு வௌவாலோடு இன்னொரு விருந்தாளியும் இருந்தார் என்று நம்ப இவை போதும்.

கவனியுங்கள். வட தீவில் காக்காப்போ அழிந்தபோது செடி அங்கே இருந்தது. தென் தீவில் செடி அழிந்தபோது, காக்காப்போ அங்கே மூச்சுப் பிடித்து இருந்தது. இரண்டும் இன்னும் உலகில் உண்டு. அவற்றுக்கு நடுவிலிருந்த உறவு மட்டும், யாரும் கவனிக்கும் முன்பே, ஒரு பெயர்கூட வைக்கும் முன்பே போய்விட்டது. எச்சம் கிடைத்திராவிட்டால் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்திருக்காது. இரண்டு ஊரும் இருக்கின்றன. நடுவில் ஓடிய பேருந்து நின்றுபோய்விட்டது. டேனியல் ஜான்சன் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் 1970களிலேயே இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். உயிரினம் அழிவதற்கு முன்பே, உயிரினங்களுக்கு இடையிலான ஊடாட்டம் அழிந்துவிடுகிறது, அந்த அழிவு கண்ணுக்குத் தெரியாது என்பது அவர் வாதம்.

ஒப்பிட்டுப் பார்த்தால்

இப்போது இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.

இரண்டும் தம் இனத்தாருக்கு அடையாளமான ஒன்றைத் துறந்தவை. கிளி பறப்பதை விட்டது. செடி பச்சையத்தை விட்டது. எதிரி தரையில் இல்லாத நாட்டில் இறக்கைத் தசையை வளர்ப்பது வீண் செலவு. மர வேர் உணவு தரும்போது இலை வளர்ப்பதும் வீண் செலவு. இதைக் குறை என்று நினைப்பது நம் பார்வைக் கோளாறு. பல லட்சம் ஆண்டு செல்லுபடியான கணக்கு அது. விதிகள் திடீரென மாறியதால் பொய்த்துப்போயிற்று.

இரண்டும் மரத்தின் தயவில் வாழ்பவை. கிளி ரிமு காய்க்கும் ஆண்டுக்காகக் காத்திருக்கிறது. செடி தான் பற்றிய வேரின் மரம் உயிரோடு இருக்கும் வரை இருக்கிறது. இரண்டுக்கும் ஆண் பெண் கணக்கு இடறுகிறது. டாக்டிலாந்தஸில் பல இடங்களில் ஆண் செடிகள் மிகுதி, பெண் குறைவு. காக்காப்போவைக் காப்பாற்ற ஆரம்ப காலத்தில் கூடுதல் தீனி கொடுத்தார்கள். நன்றாகத் தின்று கொழுத்த தாய்கள் ஆண் குஞ்சுகளையே அதிகம் பொரித்தன. தீனியின் அளவைத் திருத்திய பிறகுதான் விகிதம் சீரானது. அன்பின் மிகுதியும் ஓர் இனத்துக்கு ஆபத்தாகலாம் என்று கற்றுக்கொண்ட இடம் அது.

இரண்டையும் வீழ்த்திய எதிரிகளும் மோப்பம் பிடிக்கும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. இணையையும் விருந்தாளியையும் அழைக்க உதவிய மணமே எலிக்கும் ஸ்டோட்டுக்கும் பாஸத்துக்கும் வழி சொல்லிக் கொடுத்தது.

வேற்றுமைக்கு வருவோம். அது அவற்றிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது.

கிளிக்கு முகம் உண்டு. 2009இல் பிபிசி படப்பிடிப்பின்போது சிராக்கோ என்ற காக்காப்போ ஒரு விலங்கியலாளரின் தலைமேல் ஏறிக்கொண்டு செய்த அட்டகாசம் உலகம் முழுக்கப் பரவியது. நியூசிலாந்து அரசு அதைப் பாதுகாப்புத் தூதுவராகவே ஆக்கிவிட்டது. அந்நாட்டின் 'ஆண்டின் பறவை' வாக்கெடுப்பில் 2008இலும் 2020இலும் காக்காப்போ வென்றது. கிளிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணலாம். டாக்டிலாந்தஸை எண்ணவே முடியாது; மண்ணுக்குள் எத்தனை கிழங்கு என்று யார் கண்டது? அதற்குக் கிடைத்திருப்பது கம்பிவலைக் கூண்டு. பாஸம் தின்னாமலிருக்கப் பூமேல் கவிழ்த்து வைக்கிறார்கள். வௌவால் இல்லாத இடங்களில் தன்னார்வலர்கள் மண்டியிட்டு, ஆண் பூவின் மகரந்தத்தை எடுத்துப் பெண் பூவில் தடவுகிறார்கள். விதை முளைத்து வேரைப் பற்றி வெளியே தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகும். இதைப் படம் எடுக்க யாரும் வரப்போவதில்லை.

சட்டமும் அப்படியே. 1953ஆம் ஆண்டின் நியூசிலாந்து வனவிலங்குச் சட்டம் காக்காப்போவுக்கு முழுக் காவல் தருகிறது. அச்சட்டத்தில் செடிக்கு இடமே இல்லை. பறவையின் இறகைப் பிடுங்கினால் குற்றம். அந்தப் பறவை தேன் குடித்த பூவைப் பிடுங்கினால், அது யார் நிலம் என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். காக்காப்போ தானும் பல ஒட்டுண்ணிகளுக்கு வீடாக இருந்த பறவை. பழைய எச்சங்களையும் இன்றைய எச்சங்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், முன்பு அதன் குடலில் வாழ்ந்த ஒட்டுண்ணிகளில் பெரும்பகுதி இப்போது இல்லை என்று அண்மையில் தெரியவந்திருக்கிறது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வேறு எங்கும் வாழாத ஒட்டுண்ணி போனால் அதுவும் ஓர் இனம் போனதுதான். மென்மையான ஒட்டுண்ணிகளோடு பழகி வளர்ந்த நோய் எதிர்ப்புக்கும் அதில் இழப்பு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் யோசிக்கிறார்கள். கிளியைக் காப்பாற்றினோம், கிளியோடு சேர்ந்திருந்தவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை.

மூன்று இடங்கள்

உறவை மீட்க முடியுமா? மூன்று இடங்களைப் பார்த்தால் நிலைமை விளங்கும். தெற்கே காட்ஃபிஷ் தீவு காக்காப்போவின் முதன்மைப் புகலிடம். அங்கே கிளி இருக்கிறது, குட்டை வால் வௌவாலும் இருக்கிறது, பூ இல்லை. வட தீவின் நடுவே பியூரியோரா காடு. அங்கே பூ இருக்கிறது, வௌவால் இருக்கிறது, கிளி இல்லை. ஆக்லாந்துக்கு வடகிழக்கே கடலில் ஹவுதுரு தீவு. அங்கே 1980இல் பூனையையும், 2004இல் எலியையும் முற்றாக ஒழித்தார்கள். வௌவால் முன்பிருந்தே உண்டு, டாக்டிலாந்தஸும் உண்டு. 2012இல் காக்காப்போக்களை மீண்டும் கொண்டுபோய் விட்டார்கள். எச்சத்தின் செய்தி வெளிவந்த அதே ஆண்டு. மூவரும் ஒரே இரவில், ஒரே தரையில் நடமாட வழி இருக்கும் இடம் அது.

2023 ஜூலையில் இன்னொரு அடி எடுத்து வைத்தார்கள். விலங்கு புகாத வேலி சூழ்ந்த, வட தீவின் மௌங்காடௌடாரி மலையில் நான்கு ஆண் காக்காப்போக்களை விட்டார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பெருந்தீவின் மண்ணில் காக்காப்போ நடந்தது. வேலியின் பலவீனம், மரத்தில் ஏறி வெளியே போக முயலும் கிளிகள் என்று சிக்கல்கள் வந்தன. ஆனால் சிறு தீவுகளின் இடம் நிரம்பிக்கொண்டே வருகிறது. என்றாவது ஒரு நாள் பெருங்காட்டுக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். அந்தக் காட்டில் அதற்கு எந்த உறவுகள் வேண்டும் என்ற கேள்விக்கு, குகை எச்சம் தந்த பட்டியல் கையில் இருக்கிறது.

நண்பர்களே, என் தீர்ப்பைச் சொல்லி முடிக்கிறேன். காக்காப்போ பாதுகாப்பு உலகம் மெச்சும் சாதனை. ஐம்பத்தொன்றை இருநூற்றைம்பதாக்கியது சாதாரண வேலை இல்லை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து வெற்றி என்று எழுதிவிட்டால் பாதிக் கணக்குதான் எழுதியதாகும். ஓர் உயிரினம் எதைத் தின்றது, எதற்கு உதவியது, எது அதன்மேல் வாழ்ந்தது என்ற வரிகளும் அந்தக் கணக்கில் ஏற வேண்டும். முகம் இல்லாத செடிக்கும் அந்த வரியில் இடம் கிடைக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பறவை நோக்கப் போகிறவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். இனிக் குறிப்பேட்டில் பறவையின் பெயரையும் நேரத்தையும் எழுதும்போது, அது எந்தச் செடியில் உட்கார்ந்திருந்தது, எந்தப் பூவில் அலகை விட்டது, எந்தப் பழத்தை விழுங்கியது என்பதையும் ஒரு வரி எழுதிவையுங்கள். செடியின் பெயர் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். நியூசிலாந்துக்காரர்கள் அந்த ஒரு வரிக்காகக் குகைத் தரையைச் சுரண்ட வேண்டியதாயிற்று. நம்மிடம் பறவையும் பூவும் இன்னும் ஒரே மரத்தில் இருக்கும்போதே எழுதிவிடலாம்.